தன்மை ஒருமை

ஹேவ்லாக் சதுக்கத்து நீதிமன்றத்தில்
பதினாறு வருடமாக
பிறர் சார்பில் "நான்" சொல்கிறேன்.
நான்தான் அவனைப் போத்தலால் அடித்தேன்.
நான் அன்றைக்குக் கேலாங்கில் இல்லை, ஐயா.
என் மனைவியை நான் தொட்டதே இல்லை.
எல்லாம் ஒரே தொண்டையில், ஒரே சுருதியில்.
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது.
கூட்டாதே, குறைக்காதே, நயப்படுத்தாதே.

இப்போது செவ்வாயும் வியாழனும்
மாலை ஏழு மணிக்கு
பிராஸ் பாசா பக்கம் நாலாவது மாடியில்
எம்.பி.ஏ. வகுப்பு.
கூட்டலும் கழித்தலுமே பிழைப்பான இடம்.

பக்கத்தில் ஹுவீ ஷான், வங்கியில் கடன் பிரிவு.
எதிரில் நோர்ஹயாத்தி, ஜூரோங் தீவில் ரசாயனப் பொறியாளர்.
அவர்கள் எக்செல்லைத் திறக்கிற வேகத்தில்
என்னால் கைப்பையைக்கூடத் திறக்க முடியாது.
டெபிட் இடப்பக்கமாம். ஏன் என்றேன்.
"அது அப்படித்தான்" என்றாள் ஹுவீ ஷான்.
ஒருமுறை இலக்கணம் கேட்ட வழக்கறிஞருக்கு
நான் சொன்ன அதே பதில்.

முதல் மாதம்
சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு மிதந்தேன்.
ஓரத்தில் தமிழில் எழுதுவேன்.
டிப்ரிஷியேஷன்: தேய்மானம்.
முழங்காலுக்கும் உண்டு.
லயபிலிட்டி: கடன் என்று எழுதி,
அடித்து,
பொறுப்பு.
குட்வில் வந்த அன்று பேனா நின்றது.

ஆறு வருடம் முன்னால் ஒரு சிவில் வழக்கு.
பஃபலோ ரோட்டு மளிகைக் கடை,
முகம் பார்த்துக்கொள்ளாத இரண்டு கூட்டாளிகள்.
சாட்சிக் கூண்டில் அருணகிரி:
"அரிசிக்கு விலை போட்டீங்க, தராசுக்குப் போட்டீங்க,
அலமாரி ஆணிக்கும் போட்டீங்க.
இருவது வருசமா நான் குறையாம அளந்து குடுத்ததுக்கு
எங்கங்க விலை?"
சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தேன்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
அதற்குக் கணக்கில் ஒரு பெயர் உண்டென்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும்
சொல்லியிருக்கக் கூடாது.

போன வியாழன் ஒரு கேஸ்.
துவாஸில் கையுறை ஆலை,
இரண்டாவது உற்பத்தி வரிசை மூன்று காலாண்டாக நட்டம்.
அந்த வரிசையில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பேராசிரியர் என் பெயர் அட்டையைப் பார்த்தார்,
கோமளவல்லியைக் கோமாவில் நிறுத்திக்கொண்டார்.
"நீங்கள்தான் நிர்வாக இயக்குநர். மூடுவீர்களா?"

எழுந்தேன். இங்கே யாரும் எழுவதில்லை,
கோர்ட்டுப் பழக்கம்.
"நிர்வாக இயக்குநர் சொல்வது என்னவென்றால்..."
"இல்லை. நீங்கள்."

எத்தனை ஆயிரம் "நான்",
ஒன்றாவது கையிருப்பில் கிடக்கிறதா என்று
தேடிப் பார்த்தேன்.
வரவு, பற்று,
மிச்சம் சைபர்.
புத்தகத்தின்படி நல்ல கணக்கு.

"நான்" என்றேன்.
தமிழில் வந்துவிட்டது.
பின்வரிசையில் யாரோ
ரொட்டியை நினைத்துச் சிரித்தார்கள்.

மூடுவேன் என்றேன்.
எண்கள் தப்பு,
வாடகையை இரண்டு முறை கழித்திருந்தேன்.
ஹுவீ ஷான் ஓசையில்லாமல்
தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.
திருத்திக்கொண்டு
அப்போதும் மூடுவேன் என்றேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேரில் சிலர்
என்றாவது எந்தக் கூண்டில் ஏறுவார்கள்,
எந்த மொழியில் உடைவார்கள் என்பதெல்லாம்
அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.
அதற்கு எந்தக் கட்டத்தில் இடம் என்று கேட்கவில்லை.
பேராசிரியர் அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்.

சிராங்கூன் வரை ரயிலில் நின்றே வந்தேன்.

காலை ஒன்பதரை.
"நான் படிக்காமத்தாம்மா கையெழுத்துப் போட்டேன்" என்றார்
நீலச் சட்டைக்காரர்.
வாய் திறந்தேன்.
அரை நொடி தாமதம்.
நீதிபதி கவனித்தாரா,
தெரியவில்லை.